யாரைக் கேட்டுப் போட்டீங்க?

போன வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த வாரத்தில், பக்கத்துத் தமிழ்ப் பள்ளியின் தமிழ் டீச்சர் நான் வேலை பார்க்கும் டிஸ்பென்சரிக்கு வந்தார். அது அரசு டிஸ்பென்சரி. நான் அங்கே நர்ஸ். மேற்கு தில்லியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. டீச்சர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர். கையில் பட்டையைச் சுற்றி நான் காற்றடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை ஆரம்பித்தார்.

"சிஸ்டர், தீபாவளிக்கப்புறம் எங்க அஞ்சாம் கிளாஸுக்கு ஊசி போட வருவீங்க இல்லையா? அதுக்கு முன்னாடி தடுப்பூசி பத்தி தமிழ்ல ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தாங்களேன்."

"நானா? ரெஜிஸ்டரைத் தவிர நான் எதுவும் எழுதினதில்லை டீச்சர்."

"அதான் வேணும். எங்க பசங்க தமிழ் பேசுவாங்க, பாதி ஹிந்தியைக் கலந்து. வாசிக்கச் சொன்னா ஓடிடுவாங்க. தங்க கையில குத்தப்போற ஊசியைப் பத்தின்னா வாசிப்பாங்க."

ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னேன். புத்தகத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். விஷயம் எனக்குத் தெரியும். தெரியாததைத் தேடிப் படித்தேன். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பதை மட்டும் என் கணவர் திருத்தினார். அம்மை ஊரை அழித்த காலம், நம் நாட்டிலேயே அம்மைக் கொப்புளத்தின் காய்ந்த பொருக்கை ஆரோக்கியமானவர் கையில் கீறித் தடவிய ஆட்கள், பிறகு இங்கிலாந்தில் ஒரு கிராமத்து மருத்துவர் என்று கதை தானாக ஓடியது. பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டிலிருந்து லேசான ஓர் அம்மை தொற்றும், அது வந்தவர்களைப் பெரியம்மை தொடுவதில்லை என்று அந்த ஊரில் ஒரு பேச்சு இருந்தது. மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். தன் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் கையில் மாட்டம்மைச் சீழைக் கீறி ஏற்றினார். சில வாரம் கழித்து அதே பையனுக்கு நிஜப் பெரியம்மையின் சீழை ஏற்றினார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இடத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். அங்கிருந்து போலியோவுக்கு வந்து, நம் நாட்டை விட்டு அதை விரட்டியதைச் சொல்லி, "நாம் வென்றோம்" என்று முடித்தேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. டீச்சருக்கும் பிடித்தது. ஒரு சனிக்கிழமை வகுப்பில் வந்து நானே வாசித்துக் காட்டச் சொன்னார்.

முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். வாசித்து முடித்ததும் கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மட்டும் தட்டாமல் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர் ஆன்ட்டி, அந்தப் பையன்கிட்ட கேட்டாங்களா?"

"எந்தப் பையன்மா?"

"அந்த மாலீயோட, தோட்டக்காரரோட பையன். உனக்கு ஊசி போடட்டுமான்னு கேட்டாங்களா? பெரியம்மை வந்திருந்தா செத்துப்போயிருப்பான் இல்ல?"

பின்னாலிருந்து ஒருவன், "அவங்க அப்பாகிட்ட கேட்டிருப்பாங்க" என்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தே சொன்னாள். "அவங்க அப்பா அந்த டாக்டர் வீட்லதான வேலை பார்த்தார்? எப்படி நஹீ சொல்லுவார்?"

இத்தனை வருடத்தில் அந்தக் கதையை எத்தனையோ பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன், நானே சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. "தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். மெட்ரோவில் வீடு திரும்பும்போது என் கண்முன் நின்றது அந்தத் தோட்டக்காரரின் மகன் இல்லை. ஒரு கைக்குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலும் அதில் இருந்த கறுப்பு மையும்தான்.

அதைச் சொல்ல இருபது வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது போலியோ சொட்டு மருந்து முகாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். விட்டுப்போன குழந்தைகளைத் தேடி மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போவோம். தோளில் நீலப் பெட்டி, உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்து. சொட்டு போட்ட குழந்தையின் இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைப்போம். எல்லாக் குழந்தைக்கும் போட்டாகிவிட்டால் அந்த வீட்டுச் சுவரில் சாக்குக்கட்டியால் 'பி' என்று எழுதுவோம். யாராவது விட்டுப்போனாலோ வேண்டாம் என்றாலோ 'எக்ஸ்'. சாயங்காலம் எத்தனை எக்ஸ் என்றுதான் முதல் கேள்வி வரும்.

என் பகுதியில் அரசுக் குடியிருப்பை ஒட்டிய ஒரு சந்து இருந்தது. அதன் முனையில் வேப்பமரத்தடியில் ஒரு பெண் குடியிருப்பு ஜனங்களின் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். கணவனோடு உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள், எட்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. மூன்று சுற்றிலும் அவள் வீடு எக்ஸ். ஏன் வேண்டாம் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். கரிப்பெட்டியைத் துணி மேல் ஓட்டிக்கொண்டே, "நஹீன் தீதி" என்பாள், வேண்டாம் அக்கா என்று. அவ்வளவுதான்.

நான்காவது சுற்றில் நான் போனபோது அவள் மரத்தடியில் இல்லை. இஸ்திரி போட்ட துணிகளைக் கொடுக்கக் குடியிருப்புக்குள் போயிருந்தாள். வீட்டு வாசலில் மகள் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்றைக்கு மிச்சமிருந்த ஒரே எக்ஸ் அந்த வீடு.

"தம்பி வாயைத் திற, பார்க்கலாம்" என்று ஹிந்தியில் சொன்னேன். அந்தச் சின்னப் பெண் விளையாட்டாகக் குழந்தையின் கன்னத்தை அழுத்தினாள். இரண்டு சொட்டு. விரலில் மை. சுவரில் எக்ஸை அழித்து 'பி' எழுதினேன். எல்லாம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டியது. நல்ல காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தேன். டிஸ்பென்சரியில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

மறுநாள் காலை அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்து, குழந்தையின் சுண்டுவிரலைப் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"தீதி, அது நல்லதுக்குத்தான். இப்ப பாருங்க, குழந்தை நல்லாத்தான இருக்கு?"

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. யாரைக் கேட்டுப் போட்டே?"

அவள் சத்தம் போடவும் இல்லை, அழவும் இல்லை. விரலைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். அந்த மை போகாது, போகக்கூடாது என்பதற்காகத்தானே வைப்பது. துடைத்துக்கொண்டே வெளியே போனாள்.

அடுத்த சுற்றில் அந்தச் சந்தில் பாதிக் கதவுகள் திறக்கவில்லை. முன்பு சிரித்துக்கொண்டே குழந்தையை நீட்டிய வீடுகள் அவை. "அந்த மதராஸி நர்ஸ் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து போட்டுடுவா" என்று பேச்சு பரவியிருந்தது. பொய் இல்லையே. ஒரு எக்ஸை அழித்துவிட்டு ஒரு சந்தையே எக்ஸ் ஆக்கியிருந்தேன்.

நான் அந்தச் சந்துக்குப் பெட்டி இல்லாமல் போக ஆரம்பித்தேன். டூட்டி முடிந்து வாரம் ஒரு நாள். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் வாரம், "நான் செஞ்சது தப்பு, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து அவள் சட்டைக் காலரை மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அவளே பேசினாள்.

"எனக்கு இதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. ஒன்றரை வயசு. ஊர்ல ஒரு ஊசி போட்டாங்க. நாலு நாள் கழிச்சு ஜுரம் வந்துச்சு. அப்புறம் ரெண்டு நாள்தான். ஏன் செத்தா? நீ நர்ஸ்தான? சொல்லு."

என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. ஊசியால் அப்படி ஆகாது, வேறு ஏதாவது காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லத்தான் எங்களுக்குப் பழக்கம். வாய் வரை வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியாது தீதி. ஊசி போட்டா சாதாரணமா அன்னிக்கோ மறுநாளோ ஜுரம் வரும், போயிடும். நாலு நாள் கழிச்சு வந்தது வேற காய்ச்சலா இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆனா உங்க பொண்ணை நான் பார்க்கல. யாரும் சோதிச்சுப் பார்க்கவும் இல்லை. அதனால நிச்சயமா எனக்குத் தெரியாது."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தெரியாதுன்னு நீதான் முதல்ல சொல்ற. மத்த எல்லாரும் எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க."

அன்றைக்குத்தான் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஒன்றா, இரண்டா. மருந்து வெயிலில் கெட்டுப்போகாதா? கெட்டது உனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை போட்டால் போதாதா, எதற்கு மறுபடி மறுபடி? உன் பிள்ளைக்குப் போட்டாயா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு சின்ன மருந்துக் குப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதன் லேபிளில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளுத்திருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சூடு பட்டால் கறுத்துக்கொண்டே வரும். படிக்கத் தெரியாதவளுக்கும் அது புரியும். கையில் வாங்கி வெகுநேரம் உருட்டிப் பார்த்தாள்.

அதற்கடுத்த போலியோ ஞாயிறு, பத்து மணி இருக்கும், முகாமுக்கு அவள் வந்தாள். தனியாக இல்லை, சந்திலிருந்து இன்னும் நான்கு பெண்கள் பிள்ளைகளோடு. என் கையிலிருந்த குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிச் சதுரத்தைப் பார்த்தாள். மற்றவர்களுக்கும் காட்டினாள். பிறகு மகனின் வாயை அவளே திறந்தாள்.

"ஹான், இப்ப போடு."

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு புத்தகத்தை மறுபடி எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் பாதியை விட்டிருந்தேன். கேட்கப்படாத தோட்டக்காரர் மகனை இந்த முறை எழுதினேன். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டி மருந்தைக் கொண்டுபோக, அனாதைக் குழந்தைகளைக் கப்பலில் ஏற்றி, இருவர் இருவராக, ஒருவர் கைக் கொப்புளத்தின் சீழை அடுத்தவர் கையில் கீறி ஏற்றிக்கொண்டே போனதை எழுதினேன். பம்பாயில் முதன்முதலில் அந்த மாட்டம்மை மருந்து ஏற்றப்பட்ட மூன்று வயதுப் பெண் குழந்தையை எழுதினேன். பெரியம்மையை ஒழித்த கடைசி வருடங்களில் நம் நாட்டிலேயே சில ஊர்களில் கதவைத் தள்ளித் திறந்து, ஓடினவர்களைப் பிடித்து ஊசி போட்டதையும் எழுதினேன். அந்தக் குழந்தைகளாலும் அந்த ஊர்களாலும்தான் இன்று உலகத்தில் ஒருவருக்கும் பெரியம்மை இல்லை. அவர்களிடம் சரியாகக் கேட்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடைசி அத்தியாயத்தில் சுண்டுவிரல் மை. "இதைச் செய்த நர்ஸ் நான்தான்" என்று எழுதினேன்.

டீச்சர் படித்துவிட்டு நகல் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார். அங்கே ஒருவர் நகலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அமைச்சகம் ஒன்றில் அதிகாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. இரட்டைப் பின்னல் பெண்ணின் அப்பா அவர்.

"மேடம், நான் தடுப்பூசிக்கு எதிரி இல்ல. ஆனா குழந்தைகளுக்கு இதையெல்லாம் எதுக்குச் சொல்றேள்? வற்புறுத்தினா, கேக்காம போட்டான்னு படிச்சா பயந்துடும். நாளைக்கு ஊசியே வேணாம்னு சொல்லும். அப்ப யார் பொறுப்பு?"

"சார், வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்போம். கேட்டா பதில் சொல்லுவோம். மறைச்சு வெச்சது பின்னாடி தெரிஞ்சா, அதுக்கப்புறம் நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. அதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"நீங்க பட்டது உங்க அனுபவம். பத்து வயசுக் குழந்தைக்கு அது தேவையா?"

"கேள்வியைக் கேட்டதே பத்து வயசுக் குழந்தைதான் சார்."

அவருக்கு அது யார் என்று தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டார். சிலர் என் பக்கம், சிலர் அவர் பக்கம். டீச்சர் புத்தகத்தைத் திரும்ப வாங்கவில்லை.

தீபாவளி கழிந்து, புகைமூட்டத்துக்காக விட்ட விடுமுறையும் கழிந்து, ஊசி நாள் வந்தது. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமாகப் பத்து வயதில் போடுவது. பள்ளி நூலகத்தில் மேஜை போட்டிருந்தோம். எங்கள் டாக்டரும் வந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளோடு வந்தது. வழக்கமாக ஒரு வகுப்பை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. ஊசி எங்கே தயாரானது, புதுசா, லேபிளைக் காட்டுங்கள், ஜுரம் வருமா என்று ஒவ்வொன்றும் நின்று கேட்டது. ஒருவன் அந்தச் சதுரத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, "டீக் ஹை" என்று எனக்கு அனுமதி கொடுத்தான். முடிய மதியம் ஆனது.

கடைசியில் இரட்டைப் பின்னல் வந்தாள். தாளில் கையெழுத்து இல்லை.

"அப்பா போடல. நேத்து கேட்டேன், அப்புறம்னு சொன்னார். காலைலயும் அப்புறம்னார். நீங்க போடுங்க சிஸ்டர் ஆன்ட்டி. எனக்கு ஓகே. நான் சொல்றேன் இல்ல?" சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள்.

மேஜையில் ஊசி இருந்தது. அவளும் கேட்கிறாள். அவளுக்கு அது நல்லதுதான்.

"அப்பாவும் சொல்லணும்மா" என்றேன். டீச்சர் அவருக்கு ஃபோன் செய்தார்.

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். கூட்டத்தில் பேசிய மிடுக்கு இல்லை. மகளை டீச்சரோடு வெளியே இருக்கச் சொன்னார். அவள் போகவில்லை, அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இவளுக்கு ஒன்றரை வயசுல ஊசி போட்ட அன்னிக்கு ஜுரம் வந்தது. ஜுரத்துல வலிப்பு வந்துடுத்து. என் கையில இருக்கச்சே. கண்ணு சொருகி... இவ போயிட்டான்னே நெனச்சேன். அப்புறம் ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா அதுக்கப்புறம் ஊசின்னாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடறது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இதை அன்னிக்கே கேட்டிருக்கலாமே சார்."

"எல்லார் எதிர்லயும் எப்படிக் கேக்கறது?"

அவர் மகள்தான் திகைத்துப்போயிருந்தாள். "எனக்கா? எனக்கு வலிப்பு வந்துதா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

"நீங்கதான் பயந்திருக்கீங்க!"

அவர் முதல்முறையாகச் சிரித்தார். நான் டாக்டரை அழைத்தேன். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சின்ன வயதில் ஜுரத்தோடு வருகிற வலிப்பு பெரும்பாலும் அந்த வயதோடு போய்விடும் என்றார். அதற்குப் பிறகு எப்போதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை. அன்றைக்கு ஜுரத்தைக் கிளப்பியது பெரும்பாலும் கக்குவான் இருமலுக்கான பகுதியாக இருக்கும், இன்றைக்குப் போடுவதில் அது கிடையாது, ஜுரம் வரும் வாய்ப்பும் குறைவு, போடலாம்; அரை மணி நேரம் இங்கேயே உட்கார வையுங்கள், ராத்திரி ஜுரம் அடித்தால் இந்த மாத்திரை கொடுங்கள் என்றார். அப்பா இரண்டு கேள்வி கேட்டார், மகள் மூன்று கேட்டாள். பிறகு அவர் மகளைப் பார்த்தார்.

"என்னடா, போட்டுக்கறியா?"

"போட்டுக்கறேன். நீங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவர் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் மறுகையைப் பிடித்துக்கொண்டார். நான் போட்டேன். அவள் உதட்டைக் கடித்தாள். அரை மணி நேரமும் இருவரும் நூலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ரெஜிஸ்டரை எழுதினேன்.

நாலு நாள் கழித்து அவளே அப்பாவின் ஃபோனிலிருந்து டிஸ்பென்சரிக்குப் பேசினாள். ஜுரம் வரவில்லையாம், கை மட்டும் வீங்கி இரண்டு நாள் தூக்க முடியவில்லையாம்.

"சிஸ்டர் ஆன்ட்டி, புக்ல 'கொஞ்சம் வலிக்கும்'னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் இல்ல. சரியா எழுதுங்க."

எழுதிவிட்டேன். இப்போது பிள்ளைகள் கையில் இருக்கும் நகலில், "இரண்டு நாள் நன்றாகவே வலிக்கும், பிறகு போய்விடும்" என்று இருக்கிறது.